சிப்பிப்பாறைக் குட்டிக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?

வணக்கம். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு 5 மாதம் ஆகிறது. வேட்டைக்கு ஓடுகிற இனம், விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்புதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஆனால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போதைக்குச் சோறு கொஞ்சம், எலும்பில்லாத கோழிக்கறி, பூசணி, கேரட், எல்லாம் உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்தது. அப்புறம் முட்டை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் பக்கமே போவதில்லை (அப்பாதான் தட்டிலிருந்து சாம்பார் சாதத்தை நைசாக நழுவ விடுவார், அதற்குத் தனிக் காவல்). வேகவைத்த எலும்பும் கிடையாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

குழப்பம் கால்சியத்தில்தான். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் குறைவு, வளர்கிற குட்டிக்கு அது போதாது, அதற்காகக் கண்டபடி அள்ளிப் போட்டாலும் கெடுதல். முட்டை ஓட்டுப் பொடி சேர்ப்பவர்கள் எந்த அளவில் சேர்க்கிறீர்கள்? இல்லை, குட்டிகளுக்கென்று வருகிற பாக்கெட் தீவனத்துக்கே மாறிவிடலாமா? கேழ்வரகுக் கூழ் ஒத்துக்கொள்கிறதா?

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வளர்ப்பவர்கள் சொன்னால் நல்லது, லேப்ரடார் கணக்கு இதற்குச் சரிவராது. என்ன சொன்னாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவேன்.