வயிறா நெஞ்சா? எம்எஸ்சிக்கு எதை எடுக்கலாம், சொல்லுங்க

சிப்புட் பொண்ணு:

வணக்கம். ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட். பயோமெடிக்கல் டிகிரி முடிச்சு நாலு வருசமா ஈப்போவில ஒரு லேப்ல வேலை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க ரத்தமும் மூத்திரமும்தான். போதும்னு ஆயிடுச்சு, மேல படிக்கலாம்னு எழுதிப் போட்டேன். ரெண்டு இடத்துல சரின்னுட்டாங்க. ஒண்ணு கிள்ளான் பள்ளத்தாக்குல. வயித்துப்புண்ணை உண்டாக்கற எச் பைலோரி கிருமி எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு இன்னும் அடங்குதுன்னு பார்க்கிற ஆராய்ச்சி. இன்னொண்ணு வடக்கே. எலியோட இதயத்தை வெளிய எடுத்துத் துடிக்க வெச்சு, ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப விட்டா என்ன சேதம் ஆகுதுன்னு பார்க்கிறது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

எங்கப்பா பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறினவர். போன வருசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குழியில கையை வெச்சு அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். கேஸ்டிக்காம். எங்க லயத்துல தொப்புளுக்கு மேல எது வலிச்சாலும் அதுக்குப் பேர் கேஸ்டிக்தான். அம்மா ஓமத்தண்ணி கொடுத்து எண்ணெய் தேச்சு விட்டாங்க. விடிஞ்சதும் ஒரு கிளினிக். அங்கயும் கேஸ்டிக்னு ஓர் ஊசி, ஒரு பாட்டில் எம்எம்டி. அந்த வெள்ளை மருந்து தெரியும்ல, குலுக்கினா சுண்ணாம்பு மாதிரி பாட்டில் முழுக்க ஒட்டுமே, அது. வீட்டுக்கு வந்து குடிச்சார், வாந்தி எடுத்தார். பனியனைப் பிழிஞ்சா தண்ணி வரும், அப்படி வேர்வை. ஈப்போவுக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

அங்க ஈசிஜி எடுத்த டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி, ரெண்டு, மூணு, ஏவிஎஃப்னு பேர் போட்ட மூணு கோட்டுல பேனாவால வட்டம் போட்டார். கோடு மேடா எழும்பி நின்னுச்சு. இதயத்தோட அடிச்சுவர்ல மாரடைப்பு. பரீட்சையில இதை எழுதி மார்க் வாங்கினவதான் நான். அப்பா கண்ணு முன்னால உட்கார்ந்திருந்தப்ப எனக்கும் கேஸ்டிக்னுதான் தோணுச்சு.

பிழைச்சுட்டார். இன்னமும் "அது கேஸ்டிக்தான், டாக்டர் பெரிசாக்கிட்டார்"னுதான் சொல்லிட்டிருக்கார்.

அதனால இதயம் படிக்கணும்னு ஒரு மனசு. ஆனா டிகிரி கடைசி வருசம், இரைப்பையில கிள்ளின ஒரு துணுக்கை மஞ்சள் ஜெல்லுல வெச்சதும் அது ஓரத்துல இருந்து ரோஸ் நிறமா மாறினதைப் பார்த்தேன், எச் பைலோரி இருந்தா அப்படி மாறும். அதுவும் விடமாட்டேங்குது. ஆஸ்திரேலிய டாக்டர் மார்ஷல் 1984-ல அந்தக் கிருமியையே குடிச்சுக் காட்டி, 2005-ல வாரனோட சேர்ந்து நோபல் வாங்கின கதை எல்லாருக்கும் தெரியும். நம்ம நாட்டுக் கதை அதைவிட விசித்திரம். மலாய்க்காரங்களைவிட இந்தியர், சீனர்கிட்ட இந்தக் கிருமி அதிகம். ஆனா இரைப்பைப் புற்று நம்மளைவிடச் சீனருக்குத்தான் அதிகம். ஏன் சார்னு கேட்டேன், விரிவுரையாளர் சிரிச்சார்.

எதை எடுக்கட்டும்?


எலிக்கூண்டு:

தங்கச்சி, நீங்க சொன்ன ரெண்டாவது வேலையை நாலு வருசம் பண்ணினவன் நான். லாங்கெண்டார்ஃப்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1895-ல காட்டின முறை, அடிப்படை இன்னும் மாறல. படிக்க அழகா இருக்கும். கையில எடுத்தாதான் தெரியும். எலியை மயக்கி, இதயத்தை வெட்டி ஐஸ் போல இருக்கிற கரைசல்ல போட்டு, மகாதமனியைக் குழாய்ல மாட்டி நூலால கட்டணும். ஊறின மீஹூன் மாதிரி வழுக்கும். ரெண்டு மூணு நிமிசம் தாண்டிட்டா அந்த இதயம் கணக்குல சேராது. எனக்கு முதல் பதினோரு எலி வீண். பன்னிரண்டாவதுல 37 டிகிரி கரைசல் உள்ள போனதும் ரெண்டு தரம் உதறிட்டு, தானா துடிக்க ஆரம்பிச்சது. உடம்பு இல்ல, மூளை இல்ல, தொங்கிக்கிட்டே துடிக்குது. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல.

ஆனா ஒண்ணு. அந்த இதயத்துக்கு நரம்பை அறுத்தாச்சு. உங்கப்பாவுக்கு வலி ஏன் நெஞ்சுக்குழியில தெரிஞ்சதுன்னு அதுகிட்ட கேட்க முடியாது. இதயத்து வலியைக் கொண்டுபோற நரம்பும், உணவுக்குழாய், இரைப்பையில இருந்து போறதும் முதுகுத்தண்டுல பக்கத்துல பக்கத்துல போய்ச் சேருது, சில இடத்துல ஒரே செல்லுல. மூளைக்கு எந்த வீட்டுக் கடிதம்னு தெரியாமப் போயிடுது. உங்க கேள்வி அங்கதான் இருக்குன்னு எனக்குப் படுது.

குடல்ல இருக்கிற கிருமிங்க (எச் பைலோரி இல்ல) முட்டை, இறைச்சியில இருந்து டிஎம்ஏஓங்கிற பொருள் உண்டாக வழி பண்ணி ரத்தக்குழாயைக் கெடுக்குதுன்னு 2011-க்குப் பிறகு ஒரு அலை அடிக்குது. அதைப் பிடிச்சுக்கச் சொல்லி யாராவது வருவாங்க. நல்ல விசயம்தான், ஆனா கூட்டம் அதிகம்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? இப்ப என்ன மருந்து சாப்பிடுறார்?


பழைய டிரஸ்ஸர்:

மகளே, நான் தோட்ட மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன். நான் சேர்ந்தது 1978-இல். ஸ்டெத்தாஸ்கோப், பிபி மெஷின், அந்த வெள்ளை மருந்து ஒரு பெரிய ஜாடி நிறைய. ஈசிஜி என்பதெல்லாம் பட்டணத்துப் பேச்சு. இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு வருவார்கள், வெறும் வயிற்றில் ஒரு மங்கு கோப்பிஓ என்கிற பால் இல்லாத காப்பி, பசியாற மணி பத்தாகும். வயிறு எரியாமல் என்ன செய்யும்? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது வயிறுதான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்தாவது ஆள்தான் இப்போது தூக்கத்தில் வருகிறார். பதிவேட்டில் "வயிற்று எரிச்சல்" என்று எழுதி மருந்து ஊற்றிக் கொடுத்துவிடுவேன். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் மறு மருந்து. திரும்பி வராத பாட்டில்கள் சில உண்டு. தூக்கத்தில் போய்விட்டார் என்பார்கள். நானும் துக்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பின்னாளில் ஒரு டாக்டர் சொல்லிக் கொடுத்தார்: எங்கே வலிக்கிறது என்று கேட்காதே, எப்போது வலிக்கிறது என்று கேள். சாப்பிட்டாலா, மேடு ஏறினாலா? அது எல்லாரையும் காப்பாற்றாது, உன் அப்பாவுக்கு உட்கார்ந்த இடத்தில்தானே வந்தது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேரை லாரியில் ஏற்றி அனுப்பினேன்.


வெள்ளிக்கணக்கு:

உணர்ச்சியெல்லாம் சரி. மேற்பார்வையாளர்கிட்ட ஏற்கனவே படிச்ச ரெண்டு பேரைத் தேடிப் பேசுங்க. எத்தனை வருசத்துல முடிச்சாங்க, மாசா மாசம் காசு வந்துச்சா? மானியம் நடுவுல தீர்ந்து, கைக்காசு போட்டுக் கெமிக்கல் வாங்கினவன் சொல்றேன். நோயாளிகிட்ட மாதிரி எடுக்கிற ஆராய்ச்சின்னா அரசு மருத்துவமனைகள்ல நுழைய என்எம்ஆர்ஆர்ங்கிற தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டுல பதிவு, நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் வேணும், அதுக்கே மாசக்கணக்கு ஓடும். எலிக்கும் குழு உண்டு.


சிப்புட் பொண்ணு:

டிரஸ்ஸர் ஐயா, உங்க பதிலை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாட்டில் விசயத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க.

அண்ணா, சர்க்கரை பன்னிரண்டு வருசமா இருக்கு. அதுக்கு மெட்ஃபார்மின், ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெல்லும், கொழுப்புக்கு ஸ்டேடின். நீங்க கேட்டதால டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அடியில ஒமெப்ரசோல் இருக்கு! "கேஸ்டிக்குக்கு" அவரா ஃபார்மசியில வாங்கியிருக்கார்.


எலிக்கூண்டு:

ஒமெப்ரசோலை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. குளோப்பிடோக்ரெல்லை உடம்புக்குள்ள வேலை செய்ய வைக்கிற ஈரல் நொதியை ஒமெப்ரசோல் மந்தமாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2009-லயே எச்சரிச்சது. ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெல்லும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியலாம், அதனால காப்பு மருந்தே வேண்டாம்னும் சொல்ல முடியாது. மாத்திக் கொடுக்க வேற இருக்கு.

சர்க்கரைன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு வேணும். 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, இந்தியர்ல 31.4. நாள்பட்ட சர்க்கரை வேகஸ் நரம்பை அரிக்கும். ஒரே நரம்பு கீழ இரைப்பைக்கும் போகுது, மேல இதயத்துக்கும் போகுது. இரைப்பை காலியாக நேரமாகி வயிறு உப்பும், அது நிஜக் கேஸ்டிக் மாதிரியே இருக்கும். இதயத்துல வலி நரம்பும் சேர்ந்து மரத்துப்போகலாம், அப்ப அடைப்பு வந்தாலும் சத்தம் போடாது. சோதிச்சுப் பார்க்கப் பெரிய மெஷின்கூட வேண்டாம். ஈசிஜி ஓட விட்டு நிமிசத்துக்கு ஆறு தரம் ஆழமா மூச்சு விடச் சொல்லி, நாடி எவ்வளவு ஏறி இறங்குதுன்னு எண்ணணும். எடின்பரோவுல யூவிங்னு ஒரு டாக்டர் பண்ணின சோதனை. வித்தியாசம் பத்துக்குக் கீழ போனா நரம்பு கெட்டிருக்கு.

ரெண்டு மேற்பார்வையாளருக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்க: சர்க்கரை நோயைச் சேர்த்துக்கலாமா?


சிப்புட் பொண்ணு:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. கிருமிக்காரர் மானியத்துல அதுக்கு இடம் இல்லைன்னு மரியாதையா எழுதிட்டார். எலிக்காரர் போன் பண்ணினார். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைச்ச எலிகளைச் சேர்த்துக்கலாமாம். உயிரோட இருக்கும்போதே ஈசிஜி எடுத்துடலாம். கடைசி நாள்ல ஃபீனால் ரெட் சாயம் கலந்த ஆகாரம் கொடுத்து, இரைப்பையில எவ்வளவு தங்குதுன்னும் அளக்கலாம். ஆனா இதயத்தை மாட்டுற ரெண்டு நிமிசத்துல இரைப்பையைக் கட்டி எடுக்க இன்னொரு ஆள் வேணும், அந்த ஆளை நீயே தேடிக்கோன்னு சொல்லிட்டார். வடக்கேதான் போறேன். வெள்ளிக்கணக்கு அண்ணன் சொன்னபடி பழைய மாணவர் ஒருத்தர்கிட்டயும் பேசிட்டேன், காசு ஒழுங்கா வந்துச்சாம்.

அப்பாவுக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டாங்க. என்ன படிக்கப் போறேன்னு கேட்டார். எலிக்குச் சர்க்கரை வந்தா வயிறும் நெஞ்சும் என்ன ஆகுதுன்னு பார்க்கப் போறேம்ப்பான்னேன். சாப்பிட்ட கையை அப்படியே வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சார்.

"எலிக்குமா கேஸ்டிக்?"