பி-மெமோ கட்டியவர்களுக்குப் பட்டா கொடுக்கலாமா?

தெருவிளக்கு:
ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை, சாலை போன்ற பொதுப் பயன்பாட்டில் இல்லாத அரசு நிலத்தில், நெடுங்காலமாகக் குடியிருக்கும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் பட்டா வழங்க 1962 முதல் இருந்துவந்த தடையும் இதில் தளர்த்தப்பட்டது. இதை ஓட்டுக்கான இனாம் என்று இங்கே சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பாட்டியின் தகரப் பெட்டியில், வீட்டு வரி ரசீதுகளுக்கும் மின்கட்டண அட்டைக்கும் அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பி-மெமோ ரசீதுகள் இருந்தன. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி விதிக்கப்படும் தண்டத்தைத்தான் பி-மெமோ என்கிறோம். அவரோ கடைசிவரை அதை ‘நிலவரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு, மின் இணைப்பும் குடும்ப அட்டையும் கொடுத்துவிட்டு, மனை யாருடையது என்று கேட்டால் மட்டும் ‘நீங்கள் ஆக்கிரமிப்பாளர்’ என்பது எந்த ஊர் நியாயம்?

மடைவாசல்:
உங்கள் பாட்டியின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தண்டம் கட்டுவதால் உரிமை பிறந்துவிடாது. நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதற்கே அந்த ரசீது சாட்சியாகலாம். புறம்போக்கு என்றால் ஆளில்லாத நிலம் என்று நினைக்கிறோம். மாடு மேய்ந்த மேய்க்கால், நெல் தூற்றிய களம், வண்டிப்பாதை என்று ஊர் முழுவதும் ஆண்ட நிலம் அது. கிராமப் பொதுநிலத்தில் நீண்டகாலம் இருந்ததையோ, கட்டடத்துக்குச் செலவழித்ததையோ காட்டி ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் கூடாது என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு சென்ட் மனைக்காகப் பதினைந்து ஆண்டுகளாகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் என் தம்பிக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

தெருவிளக்கு:
உங்கள் தம்பிக்கு வங்கி கடன் கொடுத்தது. என் பாட்டி கூலிவேலை பார்த்தவர், அவரை எந்த வங்கியும் உள்ளே விடவில்லை. அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் குத்தகை தரப்பட்டிருக்கும் இடங்களை அதே தீர்ப்பு விதிவிலக்காக வைத்திருப்பதை விட்டுவிட்டீர்கள். ஏரிக்குள் கட்டிய வீட்டுக்கு நானும் பட்டா கேட்கவில்லை. ஆனால் பட்டா இல்லாத ஒரே காரணத்தால், நகரத்தின் நடுவே வீட்டுவேலை செய்து பிழைத்தவர்கள் சென்னையின் ஓரத்தில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டு, பேருந்துக்கே பாதிக் கூலியைக் கொடுத்து, ஒரு கட்டத்தில் வேலையையே விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மடைவாசல்:
நீர்நிலை வேண்டாம் என்கிறீர்கள்; சரி. எது நீர்நிலை என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது? கணக்கில் ஏரி என்று இருந்த புல எண்ணின் (சர்வே எண்ணின்) வகைப்பாடு மாறி, அங்கே அரசுக் கட்டடமே எழும்பிய பிறகு, குடிசைக்காரரை மட்டும் ஆட்சேபணை சொல்லி எழுப்புவதும் அநியாயம்தான். உங்கள் பக்கத்துக்கு அந்த ஒரு புள்ளியைத் தருகிறேன். இன்னொன்று: ஒடிசாவில் 2017இல் வந்த குடிசைவாசிகள் நிலவுரிமைச் சட்டத்தின்படி, கிடைத்த மனை வாரிசுக்குப் போகும், கடனுக்கு அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. இங்கே விற்காதே என்று நிபந்தனை போட்டாலும், முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றிவிடுகிறார்கள். கடைசியில் நிலம் சேருவது வட்டிக்காரரிடம்.

சங்கிலிக்கணக்கு:
நில அளவையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் இருவரும் பட்டா கொடுத்தால் காரியம் முடிந்தது என்ற எண்ணத்திலேயே பேசுகிறீர்கள். நான் பணியாற்றிய ஒரு வட்டத்தில், மேடை போட்டு வழங்கிய மனைப்பட்டாக்கள் பல ஆண்டுகள் கழித்தும் கிராமக் கணக்கில் ஏறவில்லை. புலப்படத்தில் ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் உட்பிரிவு செய்யாததால், காகிதத்தில் மூன்று சென்ட் இருந்தும், அது எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஒரு அம்மாள் பட்டாவைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அவருக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவரின் மாட்டுக்கொட்டகை இருந்தது.

தெருவிளக்கு:
அந்த அம்மாளுக்குப் பிறகு இடம் கிடைத்ததா, ஐயா?

சங்கிலிக்கணக்கு:
நான் அங்கே இருந்தவரை இல்லை. அளந்து கல் நட இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் கொட்டகைக்காரர் தன்னிடமும் ஒரு பட்டா இருப்பதாகக் காகிதத்தை நீட்டினார். இரண்டிலும் ஒரே புல எண்தான் இருந்தது.