அம்பாப் பாட்டில் ‘லோ’வை விழுங்குகிறது இரைச்சல் நீக்கி, உதவி தேவை

கரைவலைப்பேத்தி:
வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்காக, நிலாவெளிக் கரையில் பெரியப்பாவும் ஆட்களும் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் போனில் பதிந்தேன். பெரியப்பா எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் கயிற்றை இழுத்தபடி ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவார்கள். மேடையில் பெரியப்பாவின் குரல் பதிவிலிருந்து வரும். நானும் இரண்டு தோழிகளும் மைக்கில் வாங்கிப் பாட, பியூர் டேட்டா என்ற ஒலி நிரலாக்க மென்பொருள் எங்கள் குரலை அப்போதைக்கப்போதே அடுக்கி ஒரு கூட்டமாக்கும். இதுதான் எண்ணம்.

பதிவில் கச்சான் காற்றும் அலையும் நிறைய. முதலில் ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கியில் போட்டேன். இடையில் அவர்கள் கதைப்பதெல்லாம் பளிச்சென்று வருகிறது. ஆனால் ‘லோ’வை இழுக்கத் தொடங்கியதும் குரல் தேய்ந்து மணலுக்குள் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு அலைவெண்ணிலும் இரைச்சலின் அளவைக் கழிக்கும் ‘நிறமாலைக் கழித்தல்’ நிரலை நானே எழுதிப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் பின்னால் யாரோ கண்ணாடி வளையலைக் குலுக்குவதுபோல் ஒரு கிணுகிணுப்பு. எதைச் சரிசெய்வது?

இன்னொன்று. பெரியப்பா ஏறக்குறைய 4 கட்டையில் பாடியிருந்தார், நாங்களும் அதிலேயே பழகினோம். ஆர்என்நாய்ஸில் போட்டு எடுத்த பதிவோடு பாடினால் சுருதி சேரவேயில்லை. “பெரியப்பாவுக்குச் சுருதி இல்லை” என்று தம்பி சிரிக்கிறான்.

உப்புவெளியான்:
நல்ல மைக் வாங்கித் திரும்பப் பதியுங்கோ தங்கச்சி. கச்சானில் போனைப் பிடித்தால் வேறென்ன கிடைக்கும்?

கரைவலைப்பேத்தி:
அண்ணை, மைக் வாங்கக் காசிருந்தால் இங்கே ஏன் வந்து கேட்கிறேன்!

சத்தக்காரன்:
வளையல் சத்தம் உங்கள் பிழையில்லை, அந்த முறையோடு பிறந்த நோய். ‘இசை இரைச்சல்’ என்றே அதற்குப் பெயர். நீங்கள் கழிப்பது இரைச்சலின் சராசரியை. உண்மையான இரைச்சலோ ஒவ்வொரு சட்டகத்திலும் (ஒலியை வெட்டிப் பார்க்கும் சிறு துண்டு) கூடிக் குறையும். சராசரிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் மட்டும் தனித்தனியாக மிஞ்சுகின்றன. ஒவ்வொன்றும் கண நேரச் சுரம், அதனால்தான் கிணுகிணுப்பு. 1979இல் ஸ்டீவன் போல் (Boll) என்பவர் இந்த முறையை எழுதினார். அதே ஆண்டிலேயே பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மாக்கூல் மூவரும் வைத்தியமும் சொல்லிவிட்டார்கள்: சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கழி, ஆனால் ஒரு தரை மட்டத்துக்குக் கீழே போகவிடாதே. அந்தத் தரையில் மிஞ்சும் மெல்லிய கடல் இரைச்சல் முனைகளை மூடிவிடும். நீங்கள் தரையைப் பூச்சியத்தில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 15 டெசிபெல் குறைந்தால் போதும் என்று வைத்துப் பாருங்கள். கரைவலைப் பாட்டில் கடல் கேட்காவிட்டால் அது குளியலறைப் பாட்டு.

‘லோ’ வேறு கதை. இந்தத் துறையில் பழைய அனுமானம் ஒன்று உண்டு: பேச்சு மாறிக்கொண்டே இருக்கும், இரைச்சல் அப்படியே நிற்கும். 2001இல் ரைனர் மார்ட்டின் எழுதிய சிறும அளவு முறையும் ஏறக்குறைய ஒன்றரைச் செக்கன் பின்னால் பார்த்து, ஒவ்வொரு அலைவெண்ணிலும் இருந்த மிகக் குறைந்த அளவை வைத்தே இரைச்சலைக் கணிக்கிறது. பெரியப்பா 4 செக்கன் ஒரே சுரத்தில் நின்றால் அவரே இரைச்சல் ஆகிவிடுவார். ஆர்என்நாய்ஸ் நரம்பு வலையமைப்பு என்றாலும் பேச்சுக்கென்று பழக்கப்பட்டது. கதைக்கும்போது யாரும் ஓர் உயிரெழுத்தை 4 செக்கன் பிடிப்பதில்லையே. பாட்டுக்கு அதை விட்டுவிடுங்கள். உங்கள் சொந்த நிரலே நல்லது, ஆனால் இரைச்சல் மாதிரியை யாரும் பாடாத இடத்தில் எடுத்து அப்படியே பூட்டிவையுங்கள். அலை உடையும் நேரமும் அந்தத் துண்டுக்குள் வரட்டும். அமைதியான துண்டாகப் பார்த்து எடுத்தால் அடுத்த அலைக்கே தோற்றுவிடும்.

கரைவலைப்பேத்தி:
தரை பூச்சியம்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! இதையே மேடையில் எங்கள் மைக்குக்கும் போடலாமா? சட்டகம் 2048 மாதிரிகள் (ஒலியின் அளவெடுப்புகள்), வேகம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 48,000 மாதிரிகள்.

சத்தக்காரன்:
வேண்டாம். 2048ஐ 48,000ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 43 மில்லிசெக்கன். ஒரு சட்டகம் நிரம்பாமல், ஒலியை அலைவெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கு வேலை தொடங்காது. ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகிறது, ஆக உங்கள் குரலே 14 மீற்றருக்கு அப்பால் நின்று திரும்பப் பாடுவதுபோல் வரும். ஒலி அட்டையின் தாமதம் இன்னும் சேரவில்லை. கயிறு இழுக்கும் தாளத்துக்கு இது ஆகாது. பதிவை வீட்டிலேயே சுத்தம் செய்து கொண்டுபோங்கள். மேடை மைக்குக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி ஒன்று போதும். பியூர் டேட்டா வழக்கமாக 64 மாதிரிகளாகத்தான் கணக்குப் போடும், அது ஒன்றரை மில்லிசெக்கன்கூட இல்லை.

உப்புவெளியான்:
தங்கச்சி, மைக் வாங்கச் சொன்ன குற்றத்துக்குப் பரிகாரமாக ஒன்று. சுருதி எவ்வளவு ஏறியிருக்கிறது? ஆர்என்நாய்ஸுக்குக் கோப்பை எப்படிக் கொடுத்தீர்கள்?

கரைவலைப்பேத்தி:
நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது. ஆர்என்நாய்ஸோடு கூட வரும் எடுத்துக்காட்டு நிரல், தலைப்பு இல்லாத வெறும் பிசிஎம் கோப்பை, அதாவது ஒலி மாதிரிகளின் எண்கள் மட்டும் உள்ள கோப்பைத்தான் கேட்டது. போன் பதிவை அப்படி மாற்றிக் கொடுத்தேன்.

உப்புவெளியான்:
போன் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கும். ஆர்என்நாய்ஸுக்கு 48 மட்டும்தான் தெரியும். வெறும் பிசிஎம்மில் செக்கனுக்கு எத்தனை மாதிரி என்ற வேகம் எழுதியிருக்காது, அதனால் 44.1ஐ 48 என்று எடுத்து வேகமாக ஓட்டியிருக்கும், யாரும் எச்சரிக்கவும் இல்லை. ஒன்றரை அரைச்சுரம் ஏறினால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். 60 செக்கன் பதிவு 55 ஆகச் சுருங்கியிருக்கிறதா பாருங்கோ.

கரைவலைப்பேத்தி:
55 செக்கன்தான்! தம்பியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

தரையை 15 டெசிபெல்லில் வைத்தேன். வளையல் போய்விட்டது, ‘லோ’ கடைசிவரை நிற்கிறது, அடியில் அலையும் லேசாகக் கேட்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் குரல் கரகரக்கிறது.

சத்தக்காரன்:
காற்று மைக்கில் நேராக அடித்து அலைவடிவம் வெட்டுப்பட்ட இடங்களாக இருக்கும். அதை எந்தக் கழித்தலும் மீட்காது. அடுத்தமுறை கச்சான் தரைப்பக்கமிருந்து வருவதை நினைத்து, கடலைப் பார்த்து நின்று உடம்பால் மறையுங்கள். போனின் மைக் துளைக்கு மேல் துவைத்த காலுறை ஒன்றை மாட்டுங்கள்.

உப்புவெளியான்:
துவைத்தது, கவனம்.