யூ.கே. வந்த புதுசுல நாள் தள்ளிப்போனா: கருக்கலைப்பு பத்தி ஒரு அக்கா எழுதறது

இந்த மாசத்துல மட்டும் மூணு பேர் தனியா மெசேஜ் பண்ணிட்டாங்க. "அக்கா, நாள் தள்ளிப்போச்சு, இப்ப வேண்டாம்னு இருக்கோம், இங்க யார்கிட்ட போறது?" எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். வேணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு, அதுக்குள்ள நான் வரல. நான் டாக்டர் இல்லை. 2021-ல நானே இந்த வழியா போனவ, அதுக்கப்புறம் ரெண்டு தங்கச்சிங்க பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். எழுதறது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துல விதி கொஞ்சம் வேற.

முதல்ல ஒண்ணு: ஜி.பி. (நாம பதிவு பண்ணி வச்சிருக்கற ஏரியா டாக்டர்) அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. நான் பண்ண தப்பு அதுதான். பதினோரு நாள் கழிச்சுத் தேதி கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ரிசப்ஷன்ல "எதுக்குப் பாக்கணும்?"னு சத்தமா கேட்டாங்க, பின்னாடி வரிசையில நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர். "வயித்து வலி"ன்னு சொல்லிட்டு வந்தேன். ஜி.பி. சீட்டே தேவையில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பீ-பாஸ் (BPAS), எம்.எஸ்.ஐ. (MSI), நூபாஸ் (NUPAS) மாதிரி கருக்கலைப்பு கிளினிக்குகள் என்.எச்.எஸ். (இங்க இருக்கற அரசு மருத்துவ சேவை) செலவுல இதைப் பண்றாங்க. நீங்களே நேரா போன் பண்ணலாம். எந்த ஊருக்கு எந்த இடம்னு என்.எச்.எஸ். இணையதளத்துல போஸ்ட்கோடு போட்டுப் பாருங்க.

கணக்கு எப்படின்னு தெரிஞ்சுக்கோங்க, இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சேர்ந்த நாள்ல இருந்து எண்ணக் கூடாது, கடைசி பீரியட்ஸோட முதல் நாள்ல இருந்து எண்ணணும். ஒரு வாரம் தள்ளிப்போயிருக்குன்னா ஏற்கனவே அஞ்சு வாரம். வீட்லயே மாத்திரை போட 10 வாரத்துக்குள்ள இருக்கணும். சட்டத்துல 24 வாரம் வரை இடம் இருக்கு, ஆனா தள்ளிப்போகப் போக மாத்திரை போய் கிளினிக், மயக்க மருந்துன்னு ஆகும். அதனால பப்பாளி, எள்ளுருண்டை, கருஞ்சீரகக் கஷாயம்னு ரெண்டு வாரத்தை வீணாக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அன்னாசிப்பழமா சாப்பிட்டு நாக்கு வெந்து போனதுதான் மிச்சம்.

ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட கருக்கலைப்பு மாத்திரை "கிட்" வாங்கிட்டு வரச் சொல்ற பழக்கமும் இருக்கு. வேண்டாம். இங்க ரெண்டு டாக்டர் கையெழுத்துக்குப் பிறகுதான் இந்த மாத்திரை தரணும்னு சட்டம். அதைவிடப் பெரிய சிக்கல், கரு கர்ப்பப்பையில இல்லாம கருக்குழாய்ல தங்கியிருந்தா மாத்திரை அதுக்கு வேலை செய்யாது. ஒரு பக்கமா குத்துற வலி, தோள்பட்டை நுனியில வலி, தலைசுத்தல் இருந்தா வேற யோசனையே வேண்டாம், நேரா ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவு).

காசு. வேலை விசா, டிபெண்டன்ட், ஸ்டூடன்ட் யாரா இருந்தாலும், விசாவோட ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருந்தீங்கன்னா பைசா வேண்டாம். அந்தப் பணத்துல இதுவும் அடக்கம். விசிட் விசாவுல வந்தவங்க கட்டணும், தொகையைப் போன்லயே கேட்டுக்கோங்க.

போன்ல என்ன நடக்கும்? ஒரு நர்ஸ் பேசுவாங்க. கடைசி பீரியட்ஸ் தேதி, பழைய பிரசவம், சிசேரியன், உடம்புல காப்பர்-டி இருக்கா, ஆஸ்துமா, ரத்தசோகை, என்ன மாத்திரை சாப்பிடறீங்க, எல்லாம் கேப்பாங்க. தேதி நிச்சயமில்லன்னா, வேற சந்தேகம் இருந்தா ஸ்கேனுக்கு வரச் சொல்வாங்க. "ஏன் வேண்டாம்?"னும் கேப்பாங்க. நான் இதுக்குத்தான் ராத்திரியெல்லாம் வசனம் எழுதி வச்சிருந்தேன். "இப்ப என்னால முடியாது"ன்னு சொன்னேன், "சரி"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. ரெண்டு டாக்டர் கையெழுத்து உள்ளுக்குள்ள நடக்கற வேலை, நீங்க அவங்களைப் பாக்கக்கூட வேண்டியதில்லை.

நடுவுல "இப்ப தனியா இருக்கீங்களா? யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"ன்னு ஒரு கேள்வி வரும். புருஷனோ மாமியாரோ பக்கத்துல இருந்தா வெளிய போகச் சொல்லுங்க. வேணும்னு இருக்கற பொண்ணைக் கலைக்கச் சொல்ற வீடும் நம்மள்ல உண்டு, அதைச் சொல்ல இதுதான் இடம். இங்கிலீஷ் தடுமாறினா தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, பெண் வேணும்னும் கேக்கலாம். புருஷனை மொழிபெயர்க்க விடாதீங்க.

புருஷன் கையெழுத்து வேணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. வேண்டாம். ஊர்லயும் சட்டப்படி தேவையில்லைதான், ஆனா ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிடுவாங்க. இங்க 1978-லயே ஒருத்தர் மனைவியைத் தடுக்கணும்னு கோர்ட்டுக்குப் போய்த் தோத்துட்டார். இலங்கையில இருந்து வந்த தங்கச்சிங்களுக்கு இதைத் தனியா சொல்லணும். அங்க தாயோட உயிரைக் காப்பாத்த மட்டும்தான் சட்டம் விடுது, அந்தப் பயத்துல இங்கயும் போனைத் தொட மாட்டேங்கறாங்க. இங்க 1967-ல போட்ட சட்டப்படி இது டாக்டர் வழியா நடக்கற சாதாரண சிகிச்சை.

உங்க ஜி.பி.க்குச் சொல்லலாமான்னு கேப்பாங்க. "வேண்டாம்"னா சொல்ல மாட்டாங்க. ஜி.பி. கிளினிக்ல நம்ம சொந்தக்காரங்க வேலை பாக்கற ஊர்ல இருக்கறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க. மாத்திரை தபால்ல வரும், மேல ஒண்ணும் எழுதியிருக்காது. நாலு குடும்பம் சேர்ந்து இருக்கற ஷேரிங் வீடுன்னா, கிளினிக்லயே போய் வாங்கிக்கறேன்னு சொல்லிடுங்க. கருக்கலைப்பு கூடாதுன்னு கிளினிக் வாசல்ல போஸ்டர் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களேன்னு பயப்படாதீங்க. 2024 அக்டோபர் 31-ல இருந்து கிளினிக்கைச் சுத்தி 150 மீட்டருக்குள்ள யாரும் வந்து தடுக்கவோ மனசை மாத்தவோ கூடாதுன்னு சட்டம்.

இனி அந்த நாள். முதல் மாத்திரை ஒண்ணுதான், மிஃபெப்ரிஸ்டோன். தண்ணியில முழுங்கிட்டு நான் வேலைக்கே போனேன், ஒண்ணும் தெரியல. ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சுப் போடறது மிசோப்ரோஸ்டால், அதுதான் விஷயம். அதுக்கு வேலையில்லாத நாளாப் பாத்து வச்சுக்கோங்க. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல வச்சேன், சாக்பீஸ் கரையற மாதிரி இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் தண்ணி ஊத்தி முழுங்கணும். கீழ வச்சுக்கற முறையும் இருக்கு. எத்தனை, எப்ப, எப்படிங்கறதுக்கு டப்பாவுல வர்ற தாள்தான் கணக்கு, நான் இல்ல.

"பீரியட்ஸ் வலி மாதிரி இருக்கும்"னு எங்கிட்ட சொன்னாங்க. இல்லம்மா. எனக்கு அது பிரசவ வலியோட ஆரம்பம் மாதிரி இருந்துச்சு. சிலருக்கு நிஜமாவே பீரியட்ஸ் வலியோட முடிஞ்சுடுது, யாருக்கு எதுன்னு முன்னாடி தெரியாது. அதனால மாத்திரைக்கு முன்னாடியே ஐபுப்ரோஃபென் போட்டுடுங்க, ஒத்துக்காதவங்க அதையும் போன்லயே சொல்லிடுங்க. சுடுதண்ணி பை ரெண்டு வாங்கி வைங்க. குளிர் நடுக்கம், வாந்தி, வயித்துப்போக்கு மூணும் எனக்கு வந்துச்சு, சில மணி நேரத்துல போயிடுச்சு. வாடகை வீட்டு வெளிர் கார்ப்பெட்டைப் பாத்துட்டு, வலிக்கு நடுவுலயும் டெபாசிட் ஞாபகம்தான். அவரோட பழைய லுங்கி ரெண்டை மடிச்சு விரிச்சுக்கிட்டேன். அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவுக்கு வெளிய நின்னு "ஆச்சா?"ன்னு கேட்டார். பெரியவர் யாராவது வீட்ல இருந்தா போதும், பேச வேண்டியதில்லை. சின்னக் குழந்தை இருந்தா அன்னிக்கு வேற யார்கிட்டயாவது விடுங்க.

ரத்தம் பீரியட்ஸைவிட அதிகமா, கட்டி கட்டியா வரும், எலுமிச்சம்பழ அளவு கட்டிகூட வரலாம். வாரம் கூடியிருந்தா வெள்ளையா பை மாதிரி கண்ணுல படலாம். பாக்கணும்னு இல்ல, பாத்துட்டா பயப்படவும் வேண்டாம். டாய்லெட்லயே ஃப்ளஷ் பண்ணலாம். பெரிய பேடா வாங்கி வைங்க, டாம்பூனும் கப்பும் வேண்டாம், எவ்வளவு போகுதுன்னு தெரியணும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பெரிய பேட் முழுசா நனைஞ்சு, அது ரெண்டு மணி நேரமாத் தொடர்ந்தா உடனே கிளினிக்கோட 24 மணி நேர நம்பருக்குக் கூப்பிடுங்க. மயக்கமா வந்தா 999 (ஆம்புலன்ஸ் நம்பர்). 24 மணி நேரம் ஆகியும் ரத்தமே வரலன்னா, அப்புறம் வர்ற நாள்ல காய்ச்சல், நாத்தமா வெள்ளைப்படறதுன்னா அதுக்கும் போன் பண்ணணும். "தொந்தரவு பண்றோமோ"ங்கற நம்ம ஊர்த் தயக்கம் இங்க வேண்டாம்.

மறுநாள் ரசம் சாதம் சாப்பிட்டு, அம்மாவோட வீடியோ கால்ல "லேசா சளி"ன்னு சொன்னேன். லீவு ஏழு நாள் வரைக்கும் டாக்டர் சர்டிபிகேட் இல்லாம நீங்களே எழுதிக் கொடுக்கலாம், கருக்கலைப்புன்னு விவரம் எழுத வேண்டியதில்லை. கோயிலுக்கு எப்ப போகலாம்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அதுக்கு மருத்துவத் தடை ஒண்ணும் இல்லை, உங்க மனசு. நான் ரத்தம் நின்னதும் போனேன், ரெண்டு வாரம் ஆச்சு. அழுகை வருமான்னும் கேட்டா. எனக்கு வரல, நிம்மதியா இருந்துச்சு. கூட இருந்த ஒருத்திக்கு ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு. கவுன்சிலிங் இலவசம், முன்னாடியும் கிடைக்கும், பின்னாடியும் கிடைக்கும்.

எல்லாரும் மறக்கறது, கரு போயிடுச்சான்னு பாக்கற கடைசி டெஸ்ட்டை. கடையில வாங்கற சாதாரண குச்சி சில வாரம் வரைக்கும் பொய்யா கோடு காட்டும், டப்பாவோட வர்றதை வச்சு, அவங்க சொன்ன நாள்லதான் பாக்கணும். எனக்கு மூணு வாரம்னு சொன்னாங்க. சமையல்கட்டு காலண்டர்ல அந்தத் தேதியில "கேஸ் மீட்டர்"னு எழுதி வச்சேன். அதைப் பாத்துட்டு அன்னிக்குக் காலையில அவர் நிஜமாவே மீட்டர் ரீடிங் எடுத்துட்டு வந்து நின்னார். அடுத்த கரு ரெண்டு வாரத்துக்குள்ளயே தங்கலாம், அதனால கரு தங்காம இருக்கக் காயில் (காப்பர்-டி மாதிரி), ஊசி, மாத்திரை எது வேணும்னு அதே போன்லயே கேட்டுடுங்க, அதுவும் இலவசம்தான். நான் ஒரு மாசம் தள்ளிப்போட்டு, அந்த மாசம் பூரா காலண்டரையே பாத்துக்கிட்டிருந்தேன்.