நிறுத்தழைப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

ஒரே நேரத்தில் பல இழைகள் (threads), அதாவது தனித்தனிச் செயலோட்டங்கள், ஓடும் பல்லிழை நிரல்களில், ஓடிக்கொண்டிருக்கும் பணியை நிறுத்தும்படி கோரிக்கை வரும்போது இயங்குவதற்காக முன்கூட்டியே பதிந்து வைக்கும் செயற்கூற்றை (function), ஆங்கிலத்தில் cancellation callback எனப்படுவதை, ‘ரத்து மீளழைப்பு’ என்று அழைக்கலாம் என்பதே முதலில் தோன்றும் யோசனை. அச்சொல்லின் இரு பாதிகளுமே பொருளைத் திரிப்பதால் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

ரத்தான ஆணை பிறப்பிக்கப்படாதது போலவே கருதப்படும். ஆனால் ஓர் இழை பாதி எழுதிய கோப்பு, கோரிக்கைக்குப் பின்னும் பாதி எழுதியபடியேதான் இருக்கும். மேலும், ரத்து என்பது மேலிருந்து ஒருதலையாகச் செய்யப்படுவது. இங்கே கோரிக்கை மட்டுமே வைக்கப்படுகிறது, பணிசெய்யும் இழை அதைத் தக்க இடத்தில் கவனித்துத் தானே நிற்கிறது. இழையை வெளியிலிருந்து வலிந்து நிறுத்தும் வசதி ஜாவாவில் இருந்தது; அது, பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே தொடும்படி காக்கும் பூட்டுகளில் அந்த இழை பிடித்திருந்தவற்றையெல்லாம் விடுவித்து, பாதி மாறிய தரவைப் பிற இழைகளின் கண்ணில் படவிட்டதால், 1998இல் வந்த 1.2 பதிப்பிலேயே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. எனவே ‘நிறுத்தக் கோரிக்கை’ என்பதே நேர்மையான சொல். அக்கோரிக்கையைப் பணிக்குத் தெரிவிக்கும் பொருளான டோக்கனை, டோக்கன் என்றே விட்டுவிடலாம்.

‘மீளழைப்பு’ பொதுவழக்கில் நன்றாக நிலைத்த சொல்தான். ஆயினும் இவ்விடத்தில் ‘மீள்’ என்பது, பதிவு செய்த இழைக்கே அழைப்பு திரும்பி வரும் என்று எண்ண வைக்கிறது. சி++20இல், கோரிக்கை வைக்கும் இழையிலேயே அச்செயற்கூறு இயங்கும். பதிவு செய்வதற்கு முன்பே கோரிக்கை வந்திருந்தால், பதிவு செய்யும் இழையில், பதிவு முடிவதற்குள்ளாகவே இயங்கிவிடும். கோ மொழியின் 1.21 பதிப்பில் வந்த ஆஃப்டர்ஃபங்க் (AfterFunc) என்ற வசதியோ, அதைத் தனி கோரூட்டீனில், அதாவது அம்மொழியின் இலகுவான இழையில், இயக்குகிறது. ஆகவே, ஒரு பூட்டைப் பிடித்தபடி சி++இல் நிறுத்தம் கோருபவர், அதே பூட்டைச் செயற்கூறும் கேட்டால் தன் பூட்டில் தானே சிக்கிக்கொள்வார். நிலையைப் பூட்டுக்குள் மாற்றி, பூட்டை விடுவித்த பிறகே கோரிக்கை வைப்பது பாதுகாப்பானது. அச்செயற்கூறு பிழையெறிந்தால் சி++இல் நிரலே முடிந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

இவற்றைக் கருதி ‘நிறுத்தழைப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கோருவது நிறுத்தக் கோரிக்கை; அதனால் எழுவது நிறுத்தழைப்பு. எந்த இழையில் என்று சொல் எதையும் உறுதியளிப்பதில்லை, அதுவே சரி.

இதைவிடச் சிக்கலானது பதிவை விலக்கிக்கொள்ளும் செயலின் பெயர். ‘பதிவுநீக்கம்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு உறுதிமொழிகளைக் குறிப்பது ஆபத்து. சி++இல் பதிவுப் பொருளின் அழிப்பி (பொருள் அழியும்போது தானே இயங்கும் செயற்கூறு), நிறுத்தழைப்பு வேறோர் இழையில் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். நிறுத்தழைப்பே தன் பதிவை அழித்தால் மட்டும் காத்திராது, காத்திருந்தால் தனக்குத் தானே காத்து நிற்க நேரிடுமல்லவா! டாட்நெட்டில் பதிவை விலக்கும் இரு வழிகளில் டிஸ்போஸ் காத்திருக்கும், அன்ரெஜிஸ்டர் காத்திராது. கோ மொழியிலும் காத்திருப்பு இல்லை. காத்திராத வகையில் நீக்கிய கையோடு நினைவகத்தை விடுவித்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிறுத்தழைப்பு விடுவிக்கப்பட்ட இடத்தைத் தொடக்கூடும். காத்திருக்கும் வகையிலோ, நிறுத்தழைப்புக்குத் தேவையான பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீக்கினால், இரண்டு இழைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து டெட்லாக்கில் நின்றுவிடும். ஆகவே, இனி புதிய அழைப்பு தொடங்காது என்று மட்டும் உறுதியளிப்பதைப் ‘பதிவுநீக்கம்’ என்றும், ஓடுவதும் முடிந்துவிட்டது என்று உறுதியளிப்பதைக் ‘காத்துநீக்கம்’ என்றும் பிரித்து வழங்கலாம். ‘காத்து’ என்பதைப் பாதுகாத்து என்றும் படிக்க இடமுண்டு. இங்கே அப்பொருளும் முரணன்று.

பாசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) இழைகளில், நிறுத்தப்படும் இழைக்குள்ளேயே இயங்கும் செயற்கூறுகளை நிறுத்தழைப்பு என்ற பெயருக்குள் அடக்க வேண்டாம். அவை இழை முடியும் வழியில், தன் பூட்டுகளையும் வளங்களையும் ஒப்படைப்பதற்காக இயங்குபவை. அவற்றுக்குத் ‘துப்புரவுச் செயற்கூறு’ என்பதே பொருந்தும்.