மோனோகாக்: கூடா, ஓடா?

> மோனோகாக்குக்குத் தமிழில் கூட்டுடல் என்று வைத்துவிடலாமே. சொல்ல எளிதாக இருக்கிறது.

எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூடு என்றதும் எனக்கு எலும்புக்கூடுதான் நினைவுக்கு வருகிறது. மோனோகாக் என்கிற கார்க் கட்டுமானம் அதற்கு நேர் எதிர். உள்ளே எலும்பே கிடையாது, வெளித்தகடே சுமையைத் தாங்குகிறது. பிரெஞ்சில் 'காக்' என்றாலே முட்டை ஓடு, கொட்டை ஓடு. போதாக்குறைக்கு, கூட்டுடலைப் பல உடல்கள் சேர்ந்தது என்றும் படிக்கலாம்.

இந்தச் சொல்லை உரசிப் பார்க்க ஜாகுவார் ஈ-டைப் கூப்பே (கூரை மூடிய கார்) நல்ல வண்டி. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. சட்டகம், ஓடு என்ற இரண்டு வகைக் கட்டுமானமும் அந்த ஒரே வண்டியில் இருக்கின்றன. அதன் நீண்ட மூக்கு, மட்கார்டும் பானட்டும் சேர்ந்து, அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். உள்ளே சதுரக் குழாய்களால் ஆன சட்டகம், அதில் 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்தச் சட்டகத்தை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச்சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், ஆள் உட்காரும் இடம் முதல் வால் வரை, தனி சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகம்) இல்லை. எல்லாமே வளைத்துப் பற்றவைத்த எஃகுத் தகடு.

வடிவமைத்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். வளைவுகளைக் கண்ணளவில் இழைக்காமல் கணக்குப் போட்டு வரைந்தவர். லெ மான்ஸ் பந்தயத்தை 1955, 56, 57 என்று மூன்று ஆண்டும் வென்ற டி-டைப் என்ற அவருடைய முந்தைய ஜாகுவார் பந்தயக் காரிலேயே ஓடு போன்ற நடுவுடல் வந்துவிட்டது.

சரி, ஏறி உட்காருவோம். கதவடியில் அகலமான தகட்டுப் பெட்டி ஒன்று ஓடும். காலைத் தூக்கி அதைத் தாண்டித்தான் இருக்கையில் இறங்க வேண்டும். அழகுக்கு வைத்ததல்ல, சுமை போகும் வழியே அதுதான். சேஸ் உள்ள வண்டியில் மட்கார்டு துருப்பிடித்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். இங்கே அந்தப் பெட்டி துருப்பிடித்தால் வண்டியே தளர்ந்துவிடும். கூப்பேயில் கூரையும் ஓட்டின் பகுதி என்பதால், திறந்த வண்டியைவிட முறுக்கலுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். முட்டையின் தலையை உடைத்துவிட்டு விளிம்பை அழுத்திப் பாருங்கள், தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: முன்பகுதிக்குச் சட்டகம், மற்றதற்கு ஓட்டுடல்.

> 'சுமையோடு' எப்படி? சுமை தாங்கும் ஓடு.

அழகான சொல்தான். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஈ-டைப் சுமையோடு கட்டப்பட்டது." லாரிக்கு வேண்டுமானால் பொருந்தும். 'ஒற்றையோடு' என்றாலும் இதே தொல்லை.

> ஓட்டுடலை, ஓட்டுகிற உடல் என்று படிக்க மாட்டார்களா? தேர்தல் ஓட்டு வேறு இருக்கிறது.

முதல் தடவை அப்படியும் படிப்பார்கள். ஆனால் ஓட்டு வீடு என்கிறோமே, அதை யாரும் வாக்குச்சாவடி என்று நினைப்பதில்லை. இரண்டு முறை கண்ணில் பட்டால் பழகிவிடும்.

> அப்படியானால் டகரத்தை இரட்டிக்காமல் 'ஓடுடல்' என்றே எழுதினால் என்ன?

அப்புறம் அது ஓடுகிற உடல் ஆகிவிடும், வினைத்தொகை. ஆனாலும் பரவாயில்லை, கார்தானே, ஓடட்டும். எனக்கு இரண்டும் சம்மதம், கூடு மட்டும் வேண்டாம்.