பாமினி பழகின கை, யூனிகோட் போன்: வன்னி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

தமிழ், கிளிநொச்சி

ஐம்பது தாண்டின ஆசிரியர்களில் கனபேர் தட்டச்சுப் பழகினது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில். அவையின்ர குறிப்பு, மாதிரி வினாத்தாள் எல்லாம் அதிலதான் கிடக்கு. போனில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பில் உண்மையில் இருக்கிறது அந்த ஆங்கில எழுத்துத்தான்; பாமினி எழுத்துரு இருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கினால் வாசிக்கலாம், தேட ஏலாது. 2009இல் படிப்பு முறிஞ்சு, இப்ப முப்பது தாண்டி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுத நினைக்கிறவைக்கு அந்தத் தேடல்தான் வேணும். வயலால வந்து அரை மணித்தியாலம் கிடைச்சால் பெரிசு. அதையும் பக்கம் புரட்டியே கழிக்க விடலாமா?

மூத்தவையைப் புது விசைப்பலகைக்கு இழுக்காதேங்கோ. கொம்பியூட்டரில் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரித் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒண்டைப் போட்டு, பாமினி விசையமைப்பைத் தெரிவு செய்து குடுங்கோ. கை பழகின விசையிலேயே, போனிலும் தமிழாகத் தெரியிற யூனிகோட் எழுத்து வரும்.

விஞ்ஞானம், முல்லைத்தீவு

பழைய பாமினிக் கோப்பை யூனிகோடாக்கிற மாற்றியில் போடேக்க முழுப் பக்கத்தையும் ஒட்டக்கூடாது. எது தமிழ், எது ஆங்கிலம் எண்டு அதுக்குத் தெரியாது; சோடியம் குளோரைட்டின்ர சூத்திரமும் அர்த்தமில்லாத தமிழெழுத்தாகும். சூத்திரங்களை முதல் வெட்டி வேறாக வையுங்கோ, கடைசியில திருப்பிப் போடலாம்.

அடுத்தது கொம்பு. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றி இந்த ஒழுங்கைத் திருப்பத் தவறினால் கொம்பு தனியாகத் தொங்கும், இல்லாட்டி முன்னெழுத்தில் போய் ஒட்டும். கெ, கே, கை, கொ, கோ வரிசை எழுத்துள்ள சொற்களை வரி வரியாகப் பாருங்கோ. சரிபார்க்கிறதைப் பாடம் தெரிஞ்சவரே செய்ய வேணும்.

கணிதம், வவுனியா வடக்கு

இளம் ஆசிரியருக்குத் தட்டச்சில் பிரச்சினை இல்லை, அனுப்புறதிலதான். கரும்பலகையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் சும்மா போட்டால் படம் சுருங்கும். பின்னத்தில் தொகுதி தெரியும், பகுதி மங்கும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. கோப்புக்கு 'தரம் 10 கணிதம் வட்டம் நாண்' மாதிரிப் பெயர் வையுங்கோ. கமரா குடுத்த இலக்கத்தோட கிடந்தால் ஆறு மாசத்தால ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.

மூத்தவையிட்டக் கேட்டு வாங்க வேண்டியது குரல். குப்பி விளக்குக் காலத்தில, இடம்பெயர்ந்த கொட்டிலில, புத்தகம் பத்தாமல் சொல்லிச் சொல்லி எழுதுவிச்சவை. அந்த நிதானம் குரல்பதிவுக்கு அப்படியே பொருந்துது. வீடியோவை விட டேட்டாவும் குறைவு. ஒரு பதிவுக்கு ஒரு கணக்கு, 3 நிமிசத்துக்கு மேல் வேண்டாம். பாடநூல் பக்கத்தை முதல் சொல்லி, ஒவ்வொரு படிக்குப் பிறகும் கேட்கிறவர் கொப்பியில் எழுதுமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ. குரலுக்குள்ளயும் தேட ஏலாது. பதிவுக்குக் கீழ அலகின்ர பெயரை எழுத்தில் போடுங்கோ, யூனிகோடில்.